வள்ளத்துக்கு ஒரு பலகை

நம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க் குழுவினர் எழுதியிருந்தனர். தமிழாசிரியன் இலக்கியம் பற்றியே எழுதுவான் என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். யானும் அவ்வாறே எண்ணி ஏடும் எழுதுகோலுமாக அமர்ந்தேன். ஆயின், கல்லூரியை நினைக்குந்தோறும் என் மனக்கண்முன் வந்து நின்றது ஒரு பழைய வள்ளமே. அவ்வள்ளம் ஈட்டித் தந்த பொருளிலேயே என் விடுதிக் கட்டணம் ஆண்டுதோறும் இறுக்கப்பட்டது. அதனைப் பழுதுபார்க்கப் புகுந்து யான் செய்த பிழையும், அப்பிழையாற் பெற்ற அறிவுமே இக்கட்டுரையின் பொருள்.

எமதூர் கரைத்தீவு. பெயரைக் கேட்டவுடன், விபுலானந்த அடிகள் பிறந்த ஊரோ என வினவுவோர் உளர். அடிகள் பிறந்த காரைதீவு கிழக்கே, இன்றைய அம்பாறை மாவட்டத்தில் உள்ளது. யாழ்ப்பாணத்துக் காரைநகருக்கும் முன்னாளிற் காரைதீவு என்னும் பெயரே வழங்கிற்று. எமது கரைத்தீவோ புத்தளம் மாவட்டத்தது. புத்தளக் களப்பின் கீழைக்கரையில் அமைந்தது. மேற்கே நீருக்கு அப்பாற் கற்பிட்டிக் குடாநாடு நீண்டு கிடக்கும். வடக்கே கலா ஓயாவும், அதற்கப்பால் வில்பத்துக் காடும். களப்பு ஆழங் குறைந்தது. பல இடங்களில் ஆள் நிலைகொள்ளும். ஆகையாற் சிறு வள்ளங்களே இங்குப் பெருவழக்கு.

எங்கள் வள்ளம் 1976 ஆம் ஆண்டிற் கட்டப்பட்டது. எனக்கு இரண்டு வயது மூத்தது. நீளம் பதினெட்டு அடி; தண்டு இரண்டு. கட்டியவர் எமதூர் ஓடாவியார். அந்நாளில் அவர் இளைஞர். தனித்துக் கட்டிய முதல் வள்ளம் அதுவே. இஸ்லாமியரான அவரை முதியோர் இளையோர் அனைவரும் 'நானா' என்றழைப்பது ஊர் வழக்கம். என் தந்தையாரும் அவரும் உடன்பிறந்தார் போலப் பழகியவர்கள். காலப்போக்கிற் கண்ணாடியிழை வள்ளமும் மண்ணெண்ணெய் இயந்திரமும் வந்தன. மரவள்ளம் கரையேறிப் பூவரச மரத்தடியிற் கிடந்தது.

2022 ஆம் ஆண்டு நாட்டில் எரிபொருட் பஞ்சம் உண்டாயிற்று. மண்ணெண்ணெய்க்காக மீனவர் நெடுவரிசைகளில் நின்றனர். என் தம்பியின் வள்ளம் கரையில் முடங்கிற்று. அவன் வீட்டில் உலை வைப்பதே அரிதாயிற்று. ஆசிரியச் சம்பளம் இரு வீட்டுக்குப் போதுமா? ஒருநாள் மாலை தந்தையார், "எண்ணெய் கேளாத வள்ளம் ஒன்று மரத்தடியிற் கிடக்கின்றதே, தம்பி" என்றார். அப்பொழுது அவருக்கு வயது எண்பத்திரண்டு.

வள்ளத்தைப் புரட்டிப் பார்த்தோம். அடியிலுள்ள ஏரா மரம் உறுதியாய் இருந்தது. அதனை ஒட்டிய இடப்பக்கப் பலகை ஏழடி நீளத்துக்கு உக்கியிருந்தது. விலாவெலும்பு போற் பலகைகளைத் தாங்கும் வங்குகளில் இரண்டு, கத்தி முனை பட்டவுடன் உதிர்ந்தன. இவ்வழிவைச் செய்தது கடல்நீர் அன்று, மழைநீர். உப்புநீரில் ஊறும் மரம் எளிதில் உக்காது. வள்ளத்தினுள்ளே தேங்கும் மழைநீரோ பூஞ்சணத்தை வளர்த்து மரத்தை உள்ளிருந்தே தின்னும். வள்ளத்தைக் கவிழ்த்து வைத்திருந்தால் இவ்வளவும் நேர்ந்திராது. கற்றவன் யான் வீட்டில் இருந்தும் அது தோன்றிற்றிலது.

என் வீட்டிற் பாட்டனார் காலத்து முதிரைக் கதவொன்று கழற்றி வைக்கப்பட்டிருந்தது. முதிரையின் பெருமையை யார் அறியார்? பொன்னிறமும் பட்டின் மினுக்கும் உடையது, வயிரம் பாய்ந்தது, கறையானும் நெருங்க அஞ்சுவது. என் கல்விக்கு உதவிய வள்ளத்துக்கு என் வீட்டின் தலைசிறந்த மரத்தையே கொடுப்பது தகும் எனத் துணிந்தேன்.

நானா வந்து பலகையை விரலாற் தட்டிப் பார்த்தார். "மரம் நல்ல மரந்தான், மாஸ்டர். இந்த வள்ளத்துக்குத்தான் அது கூடாது. எத்தனையோ வருஷம் நிழலிற் காய்ந்தது. தண்ணீரைக் கண்டாற் குடிக்கும், குடித்தால் ஊதும், ஊதினாற் பக்கத்துப் பலகைக்கு இடம் விடாது" என்றார். யான் கேட்டிலேன். வயிரமுள்ள மரத்துக்கு மற்றது ஈடாகுமா என வாதிட்டேன். கூலியை நினைத்தே இவர் தடை சொல்கின்றார் என்றுகூட என் உள்ளம் கருதியது. அதனை எழுதக் கை நாணுகின்றது. நானா மறுமொழி கூறாது எழுந்து சென்றார். வீட்டு வேலை செய்யும் தச்சர் ஒருவரைக் கொண்டு, மயிரிழையும் நுழையாதபடி இறுக்கமாக அப்பலகையைப் பொருத்தி இரும்பாணி அறைவித்தேன். பார்ப்பதற்கு அழகாகவே இருந்தது.

நீரில் இறக்கிய நாலாம் நாள் இரவு, தம்பியும் பதினைந்து வயதான அவன் மகனும் வலை வைக்கப் போயினர். நடுக்களப்பில் வங்கு ஒன்று வெடித்த ஓசை கேட்டதாம். ஊதிய முதிரை, தன் அயற்பலகையை நெருக்கித் தள்ளிற்று. பழைய மரத்திலிருந்து ஆணிகள் கழன்றன. அள்ளி இறைக்குமுன் வள்ளம் நீரால் நிறைந்தது. வலையும் போயிற்று, மீனும் போயிற்று. பையன் தண்டொன்றைப் பற்றிக்கொண்டு மிதந்தான். நிலைகொள்ளும் இடத்தை எட்டி, அமிழ்ந்த வள்ளத்தை இழுத்துக்கொண்டு அவர்கள் கரைசேர்ந்தபோது பொழுது நன்றாக ஏறிவிட்டது. விடியுமுன்பே கரைக்கு வந்து தந்தையார் காத்திருந்தார். பையனைத் தலைமுதற் கால்வரை தடவிப் பார்த்தார். பின் என் பக்கந் திரும்பி, "பலகையைத் தெரிந்தது யார், தம்பி?" என்றார். "நான்தான்" என்றேன். அதற்குமேல் அவர் ஒன்றும் கூறிற்றிலர்.

மறுநாள் அதிகாலையில் நானாவின் பட்டடைக்குச் சென்றேன். 'அன்றே சொன்னேனே' என்று அவர் சொல்லியிருந்தால் என் பாரம் சிறிது குறைந்திருக்கும். அவரோ தேநீர் தந்து உபசரித்தார். பின்னர் பொறுமையாகக் கூறினார்: "புது வள்ளம் கட்டுவது வேறு, மாஸ்டர், பழையதற்குப் பலகை மாற்றுவது வேறு. புதியதில் எல்லாப் பலகையும் ஒன்றாக ஊதும், ஒன்றாக ஒடுங்கும். பழையதிலே மற்றப் பலகைகள் ஒன்றோடொன்று பழகிவிட்டன. புதிதாக வருகிற பலகைதான் அவற்றோடு ஒத்துப்போக வேண்டும். அது எவ்வளவு பெரிய மரமாக இருந்தாலும் சரி."

அன்றிலிருந்து சில வாரம் யான் மாணவன், அவர் ஆசிரியர். அகத்தே வயிரமுடையதை மரமென்றும், புறத்தே வயிரமுடையதைப் புல்லென்றும் தொல்காப்பியர் மரபியலில் வகுத்தமையை ஆண்டுதோறும் வகுப்பிற் கூறுபவன் யான். அவ்வகையில் தென்னையும் பனையும் புல்லாம். இதனைச் சொன்னபோது நானா சிரித்தார். "சரிதான், மாஸ்டர். அதனாலேதான் தென்னங்குற்றியை வள்ளத்துக்கு அடியிலே போட்டு உருட்டுகிறோம், வள்ளத்திலே வைப்பதில்லை" என்றார்.

ஒவ்வொரு மரத்துக்கும் ஓரிடம் உண்டு என்பதை அவர் வாயிலாக அறிந்தேன். பாலையும் முதிரையும் பெருங்கனம். வீட்டுத் தூணுக்கும் நிலைக்கும் உரியவை. இலுப்பை ஏராவுக்கு ஆகும். பூவரசும் வேம்பும் வங்குக்கு ஆகும். அவற்றில் இயற்கையாகவே வளைந்த கிளைகள் கிடைக்கும். நேர்மரத்தை வளைவாக வெட்டினால் அதன் நார் அறுபட்டு முறியும்; வளைந்து வளர்ந்த மரத்தில் நாரும் வளைவோடு ஓடும். வீட்டுத் தச்சன் கோணலென்று எறியும் கிளையே ஓடாவிக்குப் பொக்கிஷம். பலாவைத் தறிப்பதற்கு 1951 ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி பெறல் வேண்டும். தேக்கு, தன்னுள் எண்ணெய்ப் பசை உடைமையால் நீருக்கு அஞ்சாது. அதன் விலைக்கு நாம் அஞ்ச வேண்டும்.

வள்ளத்தின் பழைய பலகைகள் சாவண்டலை. சிங்களத்தில் ஹல்மில்ல என்பர். ஆங்கிலேயர் திருகோணமலை மரம் என்றே பெயரிட்டனர். செம்பழுப்பு நிறமும் நேர்நாரும் உடையது, வளைத்தால் வளையும், நீரை ஒழுகவிடாது. ஆதலினாலேயே சாராயப் பீப்பாக்களும் இதனாற் செய்யப்பட்டன. சென்னைக் கரையின் பேரலைகளிற் சென்ற மசூலாப் படகுகளுக்கும் இம்மரம் இலங்கையிலிருந்து ஏற்றுமதியாயிற்று. ஒரு வேடிக்கை: 'திருகோணமலை' என்னும் பெயர் தாங்கிய ஆங்கிலப் போர்க்கப்பல் 1817 இற் பம்பாயில் நீரில் இறக்கப்பட்டது, அதனைக் கட்டிய மரமோ தேக்கு. இங்கிலாந்தின் ஹாட்டில்பூலில் இன்றும் அது காட்சிப் பொருளாய் நிற்கின்றது.

சாவண்டலைப் பலகை தேடி நானாவும் யானும் புத்தளத்து மரக்காலைக்குப் பேருந்திற் சென்றோம். பலகை தெரியும் முறையை அங்கே கண்டேன். முதலில் அதன் தலைப்புறத்தைப் பார்த்தார். வெளிறு கலந்ததை ஒதுக்கினார். உக்குவதும் புழு நுழைவதும் வெளிற்றிலேதான் தொடங்கும். கப்பற்புழு என நாம் கூறுவது உண்மையிற் புழுவன்று, சிப்பியினத்தது. ஊசிமுனைத் துளையால் நுழைந்து, மரத்தினுள்ளே வளர்ந்து, வெளியே தெரியாமற் பலகையைச் சல்லடையாக்குவது. மரத்தின் நடுநெஞ்சு அகப்பட்ட பலகையையும் ஒதுக்கினார்; அது வெடிக்கும். பின் சுத்தியலாற் தட்டி ஓசை கேட்டார். சீவிய துண்டை முகர்ந்தார். எஞ்சியவை இரண்டு. அவையும் வேண்டிய கனமில்லாதவை. வெறுங்கையோடு திரும்பினோம்.

அவ்விரவே ஒருவர் என்னிடம் வந்தார். காட்டிலிருந்து சாவண்டலை வரும். விடியுமுன் கொல்லையில் இருக்கும். அனுமதிச் சீட்டு எதுவும் கேட்கலாகாது என்றார். வில்பத்து 1938 ஆம் ஆண்டிலே தேசிய வனமாக்கப்பட்டது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் யான். எனினும் தம்பி வீட்டு அடுப்பை நினைத்தபோது உடனே மறுக்க நா எழவில்லை. காலையில் நானாவிடம் கூறினேன். "பச்சை மரம், மாஸ்டர். நேற்றுத் தறித்தது. வெயிலில் ஒடுங்கும், பொருத்து வாய் திறக்கும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், வள்ளமே அதை ஏற்காது" என்றார். வந்தவரை மறுத்தனுப்பினேன். முதலில் மறுத்தது என் அறமன்று, நானாவின் தொழிலறிவு என்பதை இங்கு மறையாது எழுதுகின்றேன்.

பின்பு நானா சற்று நேரம் சும்மா இருந்தார். எழுந்து பட்டடையின் உட்புறம் சென்று, கூரையின் கீழ்ப் பரணிலிருந்து பலகையொன்றை இறக்கினார். சாவண்டலை, ஓரங்குலக் கனம், ஒன்பதடி நீளம். "அண்ணனுடைய வள்ளம் கட்டினபோது மிஞ்சினது. என்றைக்காவது தேவைப்படும் என்று வைத்திருந்தேன்" என்றார். எனக்குத் தலை சுற்றியது. "ஏன் நானா முன்பே சொல்லவில்லை?" என்றேன். "நீங்கள் பலகை கேட்டு வரவில்லையே, மாஸ்டர். பலகை கொண்டல்லவா வந்தீர்கள்?" என்றார்.

வங்குக்கு வேண்டிய கிளையிரண்டும் வள்ளம் கிடந்த அதே பூவரசிற் கிடைத்தன. வெட்டி, களப்புச் சேற்றில் மூன்று வாரம் புதைத்து, நிழலில் உலர்த்தினோம். பரணிற் காய்ந்த பலகையை ஈரச்சாக்கிற் பொதிந்து சில நாள் வைத்தார் நானா. பழைய பலகைகளின் ஈரத்துக்கு அதனை இசைவித்தார். இறுகப் பொருத்தவில்லை, ஊதுவதற்கு இடம்விட்டு, அவ்விடைவெளியைப் பஞ்சும் குங்கிலியமும் எண்ணெயும் கொண்டு கலப்பற்றுச் செய்தார். ஆணியெல்லாம் செம்பு. இறக்கிய முதல் நாள் சிறிது நீர் கசிந்தது. மூன்றாம் நாள் கசிவு நின்றது; பலகை தன் அயலாரோடு சேர்ந்துவிட்டது.

தந்தையாரைக் கரைக்குக் கைப்பிடித்து அழைத்துச் சென்றேன். கண்பார்வை மங்கியவர். குனிந்து பலகைகளை விரலாற் தடவிக்கொண்டே போனார். "புதுப்பலகை எது?" என்று கேட்டார். அவர் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தேன். "தெரிந்தது யார்?" என்றார் மறுபடியும். "நானா" என்றேன். "நீ போய்க் கேட்டாயா?" "கேட்டேன், அப்பா." "அது போதும்" என்றார். எரிபொருள் மீண்டும் கிடைக்கும் வரை அவ்வள்ளமே தம்பியின் குடும்பத்தைக் காத்தது. இன்றும் இருக்கின்றது. மழைக்காலத்தில் அதனைக் கவிழ்த்து வைப்பது என் வேலை.

நம் கல்லூரியும் பழைய வள்ளமே. எத்தனையோ பேரைக் கரைசேர்த்தது. ஆங்காங்கே பலகை மாற்ற வேண்டிய காலமும் வருகின்றது. பழைய மாணவராகிய நாம் ஒவ்வொருவரும் நம் வீட்டு முதிரையைத் தூக்கிக்கொண்டு வர விரும்புவோம். விருப்பம் நன்றே. ஆயின், வள்ளத்தை அறிந்த ஆசிரியரையும் அதில் இன்று பயணம் செய்யும் மாணவரையும் முதலிற் சென்று கேட்போமாக. நமக்குப் பெருமை தரும் மரம் வேறு. வள்ளத்துக்குப் பொருந்தும் மரம் வேறு.