இம்பூறல் வேர்

நாயாற்றுக் கடலேரி சமுத்திரத்தோடு கலக்கும் முகத்துவாரத்துக்கு அருகே, கணுக்கால் உயரங்கூட வளராததும் வெண்ணிறச் சிறுபூக்கள் பூப்பதுமாகிய ஒரு பூண்டை, எங்கள் அம்மம்மா இம்பூறல் என்று சொல்லிப் பிடுங்கிவந்து, மாரிகாலத்து இருமலுக்குக் கஷாயம் வைத்துத் தருவார். 1984ஆம் ஆண்டின் இறுதியில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணிச் சனங்களோடு நாங்களும் இடம்பெயர்ந்தபோது, அந்த மணலும் பூண்டும் என் ஞாபகத்தில் மாத்திரமே எஞ்சின. அதன் வேருக்கு வேறொரு கீர்த்தி உண்டென்பதை நான் அறிந்தது, பல வருஷங்களுக்குப் பின், தஞ்சை மாவட்டத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையில்.

கோயில்களுக்குரிய தொம்பைகளையும் விதானங்களையும் தாவரச் சாயங்களால் துணியில் எழுதும் குடும்பங்கள் அவ்வூரில் உள்ளன. நாயக்க மன்னர் காலத்தில் தெலுங்கு தேசத்திலிருந்து வந்தோர் என்பது அவர்களுடைய மரபுரை. 2021இல் கருப்பூர்க் கலம்காரி என்ற பெயரால் இக்கலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

நான் சென்ற வீட்டுப் பெரியவர், கடுக்காய்ப் பொடி கலந்த பாலில் தோய்த்து உலர்த்திய துணியைத் திண்ணையில் விரித்து, இரும்புத் துண்டுகளும் வெல்லமும் பல நாள் ஊறிப் புளித்த நீரை, நுனியில் நூல் சுற்றிய மூங்கிற் குச்சியால் எடுத்துக் கோடிழுத்தார். கடுக்காயைத் தொட்ட கணத்தில் அது மைக்கறுப்பாயிற்று. பின்னர், சிவக்கவேண்டிய இடங்களிலெல்லாம் படிகாரக் கரைசலைப் பூசினார். அங்கே எதுவும் புலப்படவில்லை. ஆயினும் அத்துணியைச் சாயவேரோடு கொதிக்கவைத்துக் கழுவும்போது, படிகாரம் படிந்த இடத்தில் மாத்திரம் செந்நிறம் நிலைத்து நிற்கும் என்பதைக் கேட்டு, வெறுந்துணியாய்த் தோன்றிய அப்பகுதியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்த வேரைப் பார்க்கலாமா, ஐயா?" என்றேன். ஒரு டப்பாவைத் திறந்து, நூல்போல் மெலிந்த சில வேர்களை என் உள்ளங்கையில் வைத்தார்.

"இதுதான் தம்பி, சாயவேர். இப்ப தோண்டித் தர ஆளில்லை. வைத்தியருங்க இம்பூறல்னு சொல்வாங்க."

அம்மம்மாவின் வாய்ச்சொல்லைக் கடல் கடந்த ஊரில் இன்னொருவர் உச்சரிக்கக் கேட்டபோது, என்னால் உடனே பதில் சொல்ல இயலவில்லை.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், வடகரையில் விளைந்த இவ்வேரைத் தம் ஏகபோக வியாபாரப் பொருளாக்கினர்; யாழ்ப்பாணத் தளபதியாயிருந்த ஸ்வார்தெகுரூன் 1697இல் எழுதிய நிர்வாகக் குறிப்பிலும் அது இடம்பெற்றது. 1868இல் ஜெர்மானிய ரசாயனிகளான கிரேபேயும் லீபர்மானும், இத்தகைய செஞ்சாய வேர்களிலுள்ள அலிசாரினை நிலக்கரித் தாரிலிருந்து பெறும் பொருளைக்கொண்டு செயற்கையாக ஆக்கிய பின்னர், வேருக்கிருந்த மதிப்பு சரிந்துபோயிற்று. எழுதியவரின் கைத்திறனைச் சீமை நூதனசாலைகள் காட்சிக்கு வைத்திருக்கின்றன. விற்றவரின் கணக்கைச் சுவடிச்சாலைகள் காக்கின்றன. உச்சிவெயிலில் மணலிற் குந்தியிருந்து, வேர் அறுந்துபோகாமல் ஒவ்வொரு செடியாய்க் கிளறியெடுத்தவர்களோ வேர்குத்திகள் என்ற தொழிற்பெயரால் மாத்திரம் சுட்டப்பட்டு மறைந்தனர். அவர்களின்றி அந்தச் சிவப்பு இல்லை. இக்கலையின் சரித்திரம் அவர்களை விட்டு எழுதப்படுவதைப் பெரும் அநீதி என்றே கருதுகிறேன்.

சென்ற மாரிக்குப் பின் நாயாற்றுக்குப் போனேன். அம்மம்மா இல்லை, வீடிருந்த இடம் பற்றையாய்க் கிடந்தது. ஆனால் மணலில் அந்தப் பூண்டு இருந்தது. ஒன்றைக் கல்லியெடுத்து, அதன் மஞ்சள் கலந்த வேர்த்தோலை நகத்தாற் கீறிப் பார்த்துவிட்டு, மற்றவற்றைத் தொடாமல் வந்தேன்.

அலம்பிலிலும் செம்மலையிலும் கொக்கிளாயிலும் வாழும் முதியோரே, வேர் குத்திய கதையை உங்கள் பேரன் பேத்தி வாயிலாகக் கேட்டவர் எவரேனும் இருப்பின், எந்தப் பிட்டியில், எந்த மாதத்தில், எவ்வகைக் கருவியால் அது நடந்தது என்பதைச் சொல்லி, பிள்ளைகளைக்கொண்டு எழுதிவைக்கச் செய்யுங்கள்.