அத்தையின் ரேகை

கொடுமுடிக்கு நீங்கள் வந்திருந்தால் பெரும்பாலும் பரிகாரத்துக்குத்தான் வந்திருப்பீர்கள். காவிரியில் முழுகி, வன்னி மரத்தைச் சுற்றி, மகுடேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு ரயிலேறும் கூட்டத்தைப் பார்த்தே வளர்ந்தவன் நான். நாக தோஷத்துக்கு வழி இருக்கிறது. பத்திரத்தில் தோஷம் இருந்தால்?

போன வருஷம் தாத்தா வாங்கிப் போட்ட நிலத்தை விற்க முடிவெடுத்தோம். திருப்பூர்க்காரர் ஒருவர் 'இன்வெஸ்ட்மென்ட்டுக்கு' கேட்டார். நான் பி.காம். வேறு! அந்த மிதப்பில் 30 வருஷ வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். துடைத்து வைத்த மாதிரி இருந்தது. பட்டா அப்பா பேரில். வேறென்ன வேணும்?

அவருடைய வக்கீல் ஒரே கேள்விதான் கேட்டார். "தாத்தாவுக்குப் பொண்ணு இருக்குதுங்களா?"

இருக்கிறார். சிவகிரியில் அத்தை.

வில்லங்கச் சான்றிதழில் பதிவான பத்திரங்கள்தான் வரும். தாத்தாவுக்கு ரெண்டு பிள்ளைகள் என்பது அதில் வராது. பட்டாவும் உரிமைப் பத்திரம் அல்ல. தாத்தா சுயமாகச் சம்பாதித்த நிலம். 1978-ல் உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தார். பாட்டி அதற்கு முன்பே இல்லை. பெண்ணுக்குச் சொத்து என்றதும் 1989, 2005 திருத்தங்களைத்தான் சொல்வோம். அவை கூட்டுக் குடும்பப் பூர்வீகச் சொத்துக்கு வந்தவை. தகப்பனின் சுய சம்பாத்தியத்தில் மகளுக்குச் சம பங்கு 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. அதாவது, பாதி நிலம் அத்தையுடையது. அதில் விளைந்த தேங்காயில் ஒரு மூட்டைகூட சிவகிரிக்குப் போனதில்லை.

நீங்கள் வாங்குகிறவரா? முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவிகிதம் கட்டுவீர்கள். அதற்குக் கிடைப்பது பதிவு மட்டும்தான். விற்றவருக்கு முழு உரிமை உண்டு என்ற உத்தரவாதம் அல்ல. வாரிசுச் சான்றிதழைக் கேளுங்கள். அந்தத் தெரு டீக்கடையில் ஒரு டீயும் குடியுங்கள். அக்கா தங்கச்சி கதையெல்லாம் அங்கேதான் கிடைக்கும்.

"சீர் செஞ்சு, நகை போட்டாச்சு. ஒரு விடுதலைப் பத்திரம் வாங்கிட்டு வந்துரு" என்றார் அப்பா. டைப் அடித்து எடுத்துக்கொண்டு போனேன்.

"கண்ணு தெரியல. படிச்சுச் சொல்லு சாமி" என்றார் அத்தை.

'எனது பாத்தியதை முழுவதையும் மனப்பூர்வமாக விட்டு...' அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை.

"அதுல எனக்குப் பங்கு இருக்குதா?"

"இருக்குதுங்த்தை. எனக்கே இப்பத்தான் தெரியும்."

"நான் உன்னைக் கேக்குலியே கண்ணு. உங்கப்பனுக்கு எப்பத் தெரியும்?"

காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் மூணு நாள் பேச்சுவார்த்தை இல்லை. நாலாம் நாள் அப்பாவே வக்கீலுக்குப் போன் போட்டார். கிரயப் பத்திரத்தில் எழுதிக்கொடுப்பவர்கள் ரெண்டு பேர் ஆனார்கள். பணமும் ரெண்டு செக்காக வந்தது.

பதிவு நாளில் அத்தையின் கைரேகையை மெஷின் எடுக்கவில்லை. ஆயுசுக்கும் மஞ்சக் காட்டில் தேய்ந்த விரல். மூணு தரம் வைத்தும் சிவப்பு விளக்குதான். பெஞ்சில் தள்ளி உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து வந்தார். ஒரு வார்த்தை பேசாமல், தோள் துண்டில் தண்ணீர் நனைத்து, அக்காவின் கட்டைவிரலைத் துடைத்துவிட்டார்.

நாலாம் தரம் எடுத்துக்கொண்டது.