அதே மரம்

டிசம்பர் மூன்றாவது வாரத்தில் மங்குஸ்தான் கன்றின் கடைசி ஜோடி இலைகளும் ஓரம் கருகத் தொடங்கின. யாங்கோனில் என்ன பெரிய குளிர் என்று டொரண்டோவில் இருப்பவர்கள் சிரிக்கலாம். விடியற்காலையில் 18 டிகிரிக்கு இறங்கினாலே இங்கே நாங்கள் குல்லாய் தேடுவோம்.

கன்றை வாட்டியது குளிரைவிட வறட்சிதான். நவம்பரோடு மழை நின்றுவிடும். மேற்கு பார்த்த பால்கனியில் வெயில் சுடுகிறதே என்று உள்ளே கொண்டுவந்தேன். காளி கோவிலுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் குடியிருப்பு. ரயில் பெட்டி மாதிரி நீளமான வீடு, முன்னும் பின்னும் மட்டும் ஜன்னல். நடுவே என் வேலை மேஜை. அதன் பக்கத்தில், ஏ.சி.க்கு நேர் கீழே வைத்தேன். வாடியது, தண்ணீர் ஊற்றினேன். இன்னும் வாடியது, இன்னும் ஊற்றினேன்.

வேறு செடியாக இருந்தால் விட்டிருப்பேன். 1964இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டபின் தாத்தா குடும்பத்தோடு மதராஸுக்குக் கப்பலேறினார். கல்யாணமாகியிருந்த பெரியம்மா மட்டும் மௌல்மீனில் தங்கிவிட்டார். தாத்தா வீட்டுக் கொல்லையிலிருந்த மங்குஸ்தானை இப்போதைய வீட்டுக்காரர் வெட்டப்போகிறார் என்று தெரிந்ததும், பழம் கேட்டு வாங்கி, கொட்டைகளை ஈரத்துணியில் சுற்றி, பஸ்ஸில் எனக்குக் கொடுத்தனுப்பினார். காய்ந்தால் முளைக்காதாம். ஐந்தில் ஒன்று பிழைத்தது. “இது அந்த மரமேதான் தம்பி” என்பார். வயதானவர்கள் பேச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

இலை கருகிய பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். மங்குஸ்தான் விதை மகரந்தச் சேர்க்கையால் உண்டாவதில்லை, தாய்மரத்தின் திசுவிலிருந்தே உருவாகிறது. கன்று தாயின் நகல். பெரியம்மா சொன்னது தாவரவியல்! இன்னொன்றும் தெரிந்தது: அதன் வேரில் தூவிகள் கிடையாது. சும்மாவே மெதுவாக நீர் உறிஞ்சும் வேரை நான் சேற்றில் மூழ்கடித்திருக்கிறேன்.

ஏ.சி.யிடமிருந்து நகர்த்தினேன். தட்டில் கூழாங்கல் பரப்பி, நீர் விட்டு, தொட்டியின் அடி நனையாமல் மேலே வைத்தேன். கூழாங்கல் ஆறு மாடி ஏறவில்லை, பால்கனிக் கயிற்றில் கட்டி இழுத்தேன். பேப்பரும் காய்கறியும் ஏறும் அதே கயிறு. விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். வெளிச்சத்துக்கு ஒரு எல்.இ.டி. மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாத ஊர் இது. இணையத்துக்காக வாங்கிய பேட்டரியில் விளக்கையும் மாட்டினேன். ஒருநாள் வாடிக்கையாளரோடு பேசும்போது பேட்டரி தீர்ந்து நான் காணாமல் போனேன். மன்னிப்புக் கேட்டேன், காரணம் சொல்லவில்லை. இங்கிலாந்தில் 1855இலேயே கண்ணாடி வீட்டுக்குள் இதைக் காய்க்க வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தோட்டக்காரர்கள் இருந்தார்கள்.

பிப்ரவரி நடுவில் நுனி பிளந்து இரண்டு இலைகள் வந்தன. பெரியம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன்.

“ரோஸ் கலரா வந்திருக்கா?”

“ஆமா பெரியம்மா.”

“நம்ம வீட்டுலயும் அப்படித்தான் வரும்.” கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “காய்க்கப் பத்து வருஷமாகும். அதுவரைக்கும் நீ ரங்கூன்ல இருப்பியா?”

என் ஒப்பந்தம் ஜூலையோடு முடிகிறது. பேசாமல் இருந்தேன்.

“அப்ப தொட்டி மாத்தாதே, வேர் அறுந்துரும். மழை வரட்டும். பஸ்ஸுல மடியில வச்சுக் கொண்டா. நான் நடுறேன்.”