பிடித்த மீனைக் கடலிலேயே விட்டுவிடும் தீவுகள்... ஃப்ளோரிடா கீஸ்!

அமெரிக்காவின் தெற்கு முனையில், மியாமியைத் தாண்டியதும் சங்கிலிபோல நீள்கின்றன ஃப்ளோரிடா கீஸ் தீவுகள். 1912-ல் கீ வெஸ்ட் வரை ரயில் ஓடியது. 1935-ல் வந்த புயல் அந்தப் பாதையைச் சிதைத்தது. மிஞ்சிய பாலங்களைப் பயன்படுத்திப் போடப்பட்ட சாலை 1938-ல் திறக்கப்பட்டது. இன்று அந்தச் சாலையில் தூண்டிலோடு வருபவர்கள் ஏராளம். ஆனால், இங்கே பேர்போன மீன்களைப் பிடித்தால் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது!

இறகுதான் இரை

இந்தத் தீவுகளின் ஸ்பெஷல் 'ஃப்ளை ஃபிஷிங்'. இதில் புழு, இறால் எதையும் மாட்டுவதில்லை. தூண்டில் முள்ளில் இறகு, ரோமம், நூலைச் சுற்றிக் கட்டி, குட்டி இறால் போலவோ நண்டு போலவோ செய்கிறார்கள். அதற்கு எடையே கிடையாது. எறிந்தால் தூரம் போகாது. அதனால் தூண்டில் கயிற்றைக் கனமாகச் செய்திருப்பார்கள். அதைத் தலைக்கு மேல் முன்னும் பின்னுமாகச் சாட்டைபோல வீசினால், இறகும் கூடவே போய் விழும்.

மீன் இருப்பதோ முழங்கால் ஆழத் தண்ணீரில். எஞ்சினை நிறுத்திவிட்டு, படகின் பின்பக்க மேடையில் நின்றபடி கழியை ஊன்றித் தள்ளுகிறார் வழிகாட்டி. படகின் முனைதான் 12 மணி. "பத்து மணி, நாற்பது அடி" என்று அவர் சொன்னால், இரை அந்தத் திசையில், அந்தத் தூரத்தில் விழ வேண்டும். லேசாகச் சத்தம் கேட்டாலும் மீன் பறந்துவிடும்.

மூன்று நாயகர்கள்

கடற்புல்லில் தலையைக் குத்தி நண்டு தேடும்போது, வால் மட்டும் வெளியே மின்னும் 'போன்ஃபிஷ்'. நம்ம ஊர்ப் பாறை மீனின் உறவுக்காரரான 'பெர்மிட்', ஏமாறவே ஏமாறாது. மூன்றாவது 'டார்பன்'. 45 கிலோவைத் தாண்டி வளரும் இது, நீரின் மேலே வந்து காற்றையும் சுவாசிக்கும். மாட்டியதும் ஆளுயரத்துக்குத் துள்ளும். அந்த நொடியில் தூண்டில்காரர் மீனை நோக்கிக் குனிந்து, கம்பைத் தாழ்த்த வேண்டும். இல்லாவிட்டால் நரம்பு அறுந்துவிடும்.

2013 முதல் ஃப்ளோரிடாவில் போன்ஃபிஷ்ஷும் டார்பனும் பிடித்து விடுவதற்கு மட்டுமே. சாதனைக்காகத் தனி அனுமதிச்சீட்டு வாங்கினால்தான் டார்பனை வைத்துக்கொள்ளலாம். 40 அங்குலத்துக்கு மேற்பட்ட டார்பனை போட்டோவுக்காகக்கூடத் தண்ணீரைவிட்டு வெளியே தூக்கக் கூடாது. இங்குள்ள வழிகாட்டிகளுக்கு உயிரோடு நீந்தும் மீன்தான் சோறு போடுகிறது. இன்று விட்ட மீனை நாளை இன்னொருவர் பிடிக்கலாமே!

ரத்தத்தில் மாத்திரை

இவ்வளவு கட்டுப்பாடு இருந்தும், கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆபத்து கடலுக்குள் வருகிறது. ஃப்ளோரிடா சர்வதேசப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள், தெற்கு ஃப்ளோரிடாவில் 93 போன்ஃபிஷ்களைப் பிடித்துச் சோதித்துவிட்டு விட்டார்கள். 2022-ல் வெளியான முடிவு அதிர்ச்சி தந்தது. ஒரு மீனுக்குச் சராசரியாக 7 மருந்துகள். ஒரே ஒரு மீனில் மட்டும் 17! ரத்த அழுத்த மாத்திரை, மன அழுத்த மாத்திரை, ஆன்டிபயாடிக்... எல்லாம் மனிதர்கள் சாப்பிடுபவை.

நாம் விழுங்கும் மருந்தில் ஒரு பகுதி சிறுநீரோடு வெளியேறுகிறது. சாதாரண சுத்திகரிப்பு நிலையங்களால் அதை முழுமையாகப் பிரிக்க முடியாது. அது கடலில் கலந்து நண்டு, இறால் வழியாக மீனுக்குப் போகிறது. மீன் இரை தேடுவதும் இனப்பெருக்கம் செய்வதும் இதனால் மாறக்கூடும் என்பதே விஞ்ஞானிகளின் கவலை.

சட்டம் போட்டுத் தூண்டில்காரர்களை மாற்றியாகிவிட்டது. அடுத்து மாற வேண்டியது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு. மீந்துபோன மாத்திரையைக் கழிப்பறையில் கொட்டும் பழக்கத்தை விடுவதற்கு, அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.