நாலு தந்தி போதும், அம்மு

காக்ஸ் டவுன்,
பெங்களூரு.

அன்புள்ள அம்மு,

நீ அனுப்பிய படத்தையும் சாமான் பட்டியலையும் பார்த்தேன். எண்ணை ஒலியாக மாற்ற 16 பிட் ஆர்-2ஆர் டேக், அதற்கு நீயே வரைந்த பி.சி.பி., கடைசியில் ஒரு வால்வு, எல்லாம் சேர்ந்து ஒரு தேக்குப் பெட்டிக்குள். வரைந்திருப்பது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் வேலையாக இதை எடுக்காதே. உன்னால் முடியாது என்று சொல்லவில்லை. செய்து முடித்த பிறகும் அது சரியாக வேலை செய்கிறதா இல்லையா என்று உனக்குத் தெரியாது. என் ஆட்சேபம் அவ்வளவுதான்.

கணக்கைப் பார். 16 பிட் என்றால் 65,536 படி. அதில் மேல் பிட் ஒன்றின் எடை மட்டும் 32,768 படி. கடையில் கிடைக்கும் 1 சதவீத ரெசிஸ்டரை வைத்து அந்த ஆர்-2ஆர் ஏணியைக் கட்டினால் அந்த ஒரு பிட்டின் பிசகே நூறு படியைத் தாண்டிவிடும். அடியில் இருக்கும் ஆறேழு பிட் இருந்தும் பிரயோஜனமில்லை. அதைவிடப் பொல்லாதது அந்தப் பிசகு வந்து விழுகிற இடம். கீழ் பிட் அத்தனையும் அணைந்து மேல் பிட் ஒன்று மட்டும் எரிவது அலையின் நடுக்கோட்டில். மெல்லப் பாடும்போது அலை அந்தக் கோட்டை ஒட்டியேதான் ஏறி இறங்கும். ஆகவே மேளச் சத்தத்தில் எதுவும் தெரியாது, ஆலாபனை அடங்கி வருகிற இடத்தில் கரகரக்கும். குற்றம் ரெசிஸ்டரிலா, சோல்டரிலா, கிளாக்கிலா, வால்விலா என்று ஆசிலோஸ்கோப் இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பாய்? (அந்த வால்வுக்கு எத்தனை வோல்ட் வேண்டும் என்று உன் அம்மாவிடம் சொன்னாயா? என் அக்காவை எனக்குத் தெரியும், சொல்லியிருக்க மாட்டாய்.)

உன்னிடம் ஸ்கோப் இல்லை, சரி. ஆனால் சின்ன வயதிலிருந்து சுருதிப்பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து பழகிய காது இருக்கிறது. ஒரு நூலிழை சுருதி இறங்கினாலும் முகத்தைச் சுளிப்பவள் நீ. அந்தக் காதையே மீட்டராக வைத்துச் சரிபார்க்கக்கூடிய ஒன்றை முதலில் எடு. தம்புரா செய். எலக்ட்ரானிக் தம்புரா.

இந்த யோசனைக்கு இந்த ஊரிலேயே முன்னோடி உண்டு. பாட்டி வைத்திருந்த பெட்டி ஞாபகம் இருக்கிறதா? அந்த வகைப் பெட்டிக்கு மூலம் பெங்களூரு. ஹெச்.ஏ.எல்.லில் பொறியாளராக இருந்த ஜி.ராஜ் நாராயண் 1979-ல் செய்தது. புல்லாங்குழல் வாசிப்பவர். சென்னை மியூசிக் அகாடமியின் வருடாந்தர மாநாட்டில்தான் அதை முதலில் காட்டினார். ராடெல் அவருடைய கம்பெனி. உலகத்துச் சங்கீதத்தையெல்லாம் வாசிக்கிற கருவி ஒன்றை அவர் செய்யப் புறப்படவில்லை, அதைக் கவனி. நாலு தந்தி, அதுவும் திரும்பத் திரும்ப அதே நாலு. சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்ல அவர் காதே போதுமாக இருந்தது.

உனக்கு வேண்டிய சாமான் இரண்டுதான். ஈ.எஸ்.பி.32 போர்டு ஒன்று, பி.சி.எம்.5102 சிப் உட்கார்ந்திருக்கும் சின்ன டேக் போர்டு ஒன்று. இரண்டும் சேர்ந்து ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். ஆர்டுயினோ ஊனோ வேண்டாம், டேக்குக்கு எண்களை அனுப்பும் ஐ2எஸ் வழி அதில் கிடையாது. ஈ.எஸ்.பி.32-க்குள்ளேயே ஒரு டேக் இருக்கிறதே என்பாய். அது 8 பிட், வெறும் 256 படி, தந்தி ஓய்கிற நேரத்தில் இரைச்சல்தான் மிஞ்சும். ராஸ்ப்பெரி பை வாங்கிப் பாட்டுப் பெட்டி செய்யலாம் என்று உன் சிநேகிதி சொன்னதாக எழுதியிருந்தாய். நல்ல பெட்டிதான், நானே ஒன்று வைத்திருக்கிறேன். ஆனால் அதில் உன் பங்கு நாலைந்து ஒயர் சொருகி, ஒரு கோப்பில் ஒரு வரி மாற்றுவதோடு முடிந்துவிடும். இரண்டாவதாகச் செய்துகொள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் சுருதி ஐந்து கட்டை. அதன் ஸட்ஜம் 196 ஹெர்ட்ஸ், கீழ் பஞ்சமம் 147, மந்தரம் 98. சி.டி.யில் ஒரு விநாடிக்கு 44,100 மாதிரி, நீயும் அதையே வை. இப்போது வகுத்துப் பார்: 98-க்கு 450, 147-க்கு 300, 196-க்கு 225. மூன்றும் மீதியில்லாமல் போகிறது! ஐந்து கட்டைக்காரர்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள். ஐந்தரைக் கட்டைக்கு இப்படி வராது.

225 எண் கொள்ளும் வரிசை ஒன்றை எடு. அதில் கண்டபடி எண்களை நிரப்பு. தந்தியை மீட்டுவது என்றால் இங்கே அதுதான். பிறகு வரிசையில் ஒவ்வொரு எண்ணாக டேக்குக்கு அனுப்பு. அனுப்பியதும் அந்த இடத்தில், அந்த எண்ணுக்கும் அதற்கு முன் அனுப்பியதற்கும் உள்ள சராசரியை எழுது. முடிவுக்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து. இரைச்சலாகத் தொடங்கியது ஒரு கணத்தில் தந்தியாகி, கொஞ்சம் கொஞ்சமாக ஓயும். கார்ப்ளஸ், ஸ்ட்ராங் என்ற இருவர் 1983-ல் வெளியிட்ட வழி இது. பஞ்சமத்துக்கு 300, ஸட்ஜத் தந்திகளான சாரணைக்கும் அனுசாரணைக்கும் 225, மந்தரத்துக்கு 450. நாலையும் கூட்டி நாலால் வகுத்து அனுப்பு, வகுக்காவிட்டால் எண் 32,767-ஐத் தாண்டிப் படபடவென்று வெடிக்கும். மொத்த நிரலும் ஒரு பக்கம் வராது.

போட்டதும் கேட்டுப் பார், சுருதி இம்மி இறங்கியிருக்கும். சராசரி எடுப்பதால் வரிசை அரை மாதிரி நீண்டதுபோல் ஆகிறது. 225 நிஜத்தில் 225.5, மந்தரம் 450.5. அரை என்பது எல்லாவற்றுக்கும் ஒன்றே, ஆனால் குட்டை வரிசையை அது கூடுதலாக இழுக்கும். அதனால் சாரணையும் மந்தரமும் துல்லியமாகச் சேராமல் லேசாக அலையடிக்கும். மற்றவர்கள் விட்டுவிடுவார்கள், நீ கண்டுபிடிப்பாய். அதை எப்படிச் சரிசெய்வது என்று நான் சொல்லப் போவதில்லை, ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொள்.

இன்னொன்று: இது தம்புராபோல ஒலிக்காது. கிட்டார்போலத்தான் இருக்கும், ஏமாந்துவிடாதே. தம்புராவின் ரீங்காரம் குதிரையின் வளைந்த முதுகிலும் அதன்மேல் செருகும் ஜீவா நூலிலும் இருக்கிறது. சி.வி.ராமன் 1921-லேயே இதை ஆராய்ந்து எழுதினார், அப்போது அவர் கல்கத்தாவில் இருந்தார், இந்த ஊருக்கு வந்தது 1933-ல். ஒரு மேல்சுரத்தின் அசையாப் புள்ளியில் தந்தியைத் தட்டினால் அந்த மேல்சுரம் எழக்கூடாது என்பது பழைய விதி. வீணையிலும் தம்புராவிலும் அது எழுகிறது, வளைந்த குதிரைதான் காரணம் என்றார். அந்த வளைவை நிரலுக்குள் கொண்டுவருவது உன் அடுத்த வருஷத்து வேலை. இந்த வருஷம் கிட்டார் ஒலியே போதும், அதை வைத்துச் சரளி வரிசை பாடலாம்.

சாமானைச் சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கலாம். அல்லது லீவுக்கு வா, காட்பாடியில் பிருந்தாவன் ஏறினால் கண்டோன்மென்ட்டில் இறங்கலாம், அங்கிருந்து வீடு கிட்டத்தான். எஸ்.பி. ரோட்டுக்கு நானே கூட்டிப்போகிறேன். 25 வாட் சோல்டரிங் அயர்ன் என்னிடம் இருக்கிறது, அதை வாங்காதே. மல்டிமீட்டர் மட்டும் உனக்கென்று ஒன்று வாங்கிக்கொள்.

முதல் தடவை சத்தம் வராது. யாருக்கும் வருவதில்லை. டேக் போர்டில் எஸ்.சி.கே. என்ற காலைக் கிரவுண்டோடு சேர்த்துவிடு, அப்போதுதான் சிப் தனக்கு வேண்டிய கிளாக்கைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். போர்டின் பின்பக்கம் எக்ஸ்.எஸ்.எம்.டி. என்று ஒன்று இருக்கும், அது ‘ஹை’யில் இல்லாவிட்டால் சிப் வாயைத் திறக்காது. எல்லாம் சரியாக இருந்தும் ஊமையாக இருந்தால் முக்கால்வாசி இதுதான். ஜம்பர் ஒயர் ஒரு சாணுக்கு மேல் வேண்டாம், நீண்டால் டிக் டிக் என்று கேட்கும். இயர்போனை நேராகச் சொருகாதே, அதை ஓட்டும் தெம்பு அந்தச் சிப்புக்குக் கிடையாது. அப்பாவின் பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் போதும்.

இந்த நாலையும் பார்த்துவிட்டும் ஊமையாகவே இருந்தால், ராத்திரி ஒன்பதுக்கு மேல் கூப்பிடு. போர்டின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து முன்கூட்டியே அனுப்பி வை.

அன்புடன்,
சித்தி