மூச்சு வாங்கும் இடம்

ஊர்ப்பெயரைப் பிரித்துப் பார்ப்பது தமிழ் படித்தவர்களை விடாத பழக்கம். இருங்காட்டுக்கோட்டை என்பதில் உள்ள 'இரும்' என்னும் அடைக்குப் பெரிய என்றும் பொருள் உண்டு, கரிய என்றும் பொருள் உண்டு. சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில், திருப்பெரும்புதூருக்குச் சற்று முன்னே வரும் இவ்வூரில் காடும் கோட்டையும் இன்று கண்ணில் படுவதில்லை. சிப்காட் வளாகம் இருக்கிறது. 1998இல் சான்ட்ரோவைச் சாலைக்கு அனுப்பிய ஹூண்டாய் தொழிற்சாலை இருக்கிறது. 1990 முதல் இயங்கிவரும் கார்ப் பந்தயத் தடம் இருக்கிறது. 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடத்திய காலத்துக்குப் பின் அமைத்த தடம் அது. நீளம் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர். சென்னைப் பக்கம் திரும்பிச் சற்று நடந்தால் செம்பரம்பாக்கம் ஏரி. வேகமும் வெள்ளமும் இத்தனை நெருக்கமாக வாழும் ஊர்கள் குறைவு என்றே தோன்றுகிறது.

இந்தச் சாலையில் ஒரே காரில் போய்வரும் கல்லூரி ஆசிரியர்கள் நாங்கள் நால்வர். எங்களிடம் படித்த இளைஞர் ஒருவர் ஒரகடம் பக்கத்து உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒப்பந்தப் பணியில் இருக்கிறார். சீட்டுப் பணத்தில் பழைய கார் ஒன்று வாங்கி, இரவுப் பணி முடிந்து திரும்பும் தோழர் மூவரை வீடு சேர்க்கிறார்; அவர்கள் தரும் பெட்ரோல் பங்கில்தான் கடன் தவணையின் ஒரு பகுதி அடைகிறது. அந்தக் காருக்குக் 'கோல்ட் ஏர் இன்டேக்' பொருத்தப் போவதாக அவர் சொன்னபோது, அவருடைய தாயார் எங்களுக்குச் சொல்லியனுப்பினார்: "வண்டியப் பிரிச்சுப் போட வேணாம்னு நீங்க சொன்னா கேப்பான் சார்."

கேட்டோம். அவரிடம் விடை தயாராக இருந்தது. "வண்டி இழுக்கவே மாட்டேங்குது ஐயா. இன்ஜின் சூட்டையே திரும்ப உறிஞ்சுது. ஃபில்டரை முன் பம்பருக்குள்ள கீழ இறக்கிட்டா ஜில்லுனு காத்து வரும்."

அவர் சொன்னதில் அறிவியல் பிழை இல்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் முறையாக எரிய ஏறத்தாழ பதினொரு கிலோ காற்று வேண்டும். பருமனில் அது ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல். நாம் காசு கொடுப்பது பெட்ரோலுக்கு. கார் பெரும்பாலும் உண்பது காற்றை. 30 டிகிரி செல்சியஸில் உள்ள காற்று 60 டிகிரிக்குச் சூடேறினால், அதே கொள்ளளவில் அடங்கும் எடை ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு குறைகிறது. சித்திரை வெயிலில் போக்குவரத்தில் சிக்கி நிற்கும் காரின் பானட்டுக்குள் அந்த 60 டிகிரி எளிதாக வந்துவிடும். சூடான காற்று இயந்திரத்தில் தட்டொலியையும் தூண்டும் என்பதால், இன்றைய கார்களின் கணினி தீப்பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளி இன்னும் சற்று வலிமையைக் குறைத்துவிடும்.

ஆனால் பம்பருக்குள் இறக்கினால் அந்த வாய் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கும். நிறுவனம் வைத்த வாய் பெரும்பாலான கார்களில் ரேடியேட்டருக்கு மேலே, முகப்புக் கிரில்லின் விளிம்பை ஒட்டி, ஒன்றரை முழ உயரத்தில் இருக்கிறது. ஒரு சாணுக்கும் ஒன்றரை முழத்துக்கும் இடையில்தான் நம் ஊர் ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் இருக்கின்றன.

காற்று அழுத்தினால் சுருங்கும், நீர் சுருங்காது. நான்கு சிலிண்டர் கொண்ட 1.2 லிட்டர் இயந்திரத்தில் ஒவ்வொரு சிலிண்டரும் இழுப்பது 300 மில்லிலிட்டர். பத்துக்கு ஒன்று என்னும் அழுத்த விகிதத்தில், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே எஞ்சும் இடம் 33 மில்லிலிட்டர்தான். குழந்தைக்கு மருந்து புகட்டும் பாலாடையில் இரண்டு பாலாடைத் தண்ணீர் உள்ளே போனால், பிஸ்டன் ஏற இடமின்றி முட்டும். கனெக்டிங் ராடு வளையும், சில வேளை முறிந்து இயந்திரத்தின் சுவரையே துளைக்கும்.

2015 டிசம்பர் முதல் நாளின் இரவில் செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கனஅடி நீர் திறக்கப்பட்டதையும், அடையாற்றங்கரை வீடுகளின் முன் கார்கள் மூழ்கிக் கிடந்ததையும் மறந்தவர் இலர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அந்தக் காட்சி மறுபடி வந்தது. மூழ்கிய காரைச் சாவி திருப்பாமல் இழுத்துச் சென்றால் பல வேளைகளில் மீட்டுவிடலாம். நீர் வடிந்ததும் ஆவலாய்ச் சாவி திருப்பினால்தான் உள்ளே தேங்கிய நீர் இயந்திரத்தை உடைக்கும். வழக்கமான காப்பீட்டில் இந்தச் சேதத்துக்குப் பொதுவாக இழப்பீடு கிடைப்பதில்லை. அதற்குத் தனியாக இயந்திரப் பாதுகாப்பு எடுத்திருக்க வேண்டும்.

பிறர் தம் வாயை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தோம். வயலில் ஓடும் டிராக்டர்கள் பலவற்றில் பானட்டுக்கு மேலே குடைக்காளான் போன்ற ஒன்று நிற்கும்; புழுதிக்கு மேலே மூச்சு வாங்குவதற்கான ஏற்பாடு அது. லாரிகள் பலவற்றில் கேபினின் முதுகோடு ஒரு குழாய் உயர்ந்து நிற்கும். பந்தயத் தடத்து ஃபார்முலா கார்களிலும் ஓட்டுநரின் தலைக்கு மேலே காற்று வாய் வைப்பது உண்டு. பொறியியல் மாணவர்கள் தாமே கார் கட்டிப் போட்டியிடும் ஃபார்முலா பாரத், கோவையின் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கிறது. அதன் விதிப்படி பெட்ரோல் இயந்திரத்துக்குப் போகும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் துளை ஒன்றின் வழியாகவே செல்ல வேண்டும்; காற்றுக் குழாயும் ஓட்டுநரைக் காக்கும் வளைவின் உச்சிக்கும் சக்கரங்களின் வெளிவிளிம்புக்கும் இடைப்பட்ட எல்லைக்குள் அடங்க வேண்டும். ஆக, எல்லாருக்கும் பொருந்தும் ஓரிடம் கிடையாது. எது வந்து தாக்கும் என்பதைப் பொறுத்தே இடம் அமைகிறது.

தொல்காப்பியத்தின் பிறப்பியல், உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் எட்டு இடங்களைச் சார்ந்து வெவ்வேறு எழுத்தாகப் பிறக்கிறது என்று சொல்லும். காற்று ஒன்றே, இடம் மாறினால் விளைவு மாறுகிறது. வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லும் பாடம் இது. அந்த இளைஞரும் கேட்டவர்தாம்.

அவரோ எளிதில் இணங்கவில்லை. "மழை வருஷத்துல பத்து நாள் ஐயா. வெயில் முந்நூறு நாள்." நியாயமான கணக்குதான். ஆனால் முந்நூறு நாளில் கிடைப்பது சிறு லாபம். பத்து நாளில் ஒரு நாள் தவறினால் போவது இயந்திரம் முழுவதும். பின்னிரவு மழையில், விளக்கில்லாத இணைப்புச் சாலையில், பள்ளத்தின் ஆழம் தெரியாது. உள்ளே இருப்பவர்களோ நால்வர். நாள்களை எண்ணுவதைவிட இழப்பை எண்ணுவதே இங்கே சரியான கணக்கு என்றோம்.

சுங்குவார்சத்திரத்து மெக்கானிக் ஒருவரிடம் காட்டியபோதுதான் செய்தி வெளிப்பட்டது. கிரில் விளிம்பிலிருந்து ஃபில்டர் பெட்டிக்கு வரவேண்டிய பிளாஸ்டிக் குழாய் அந்தக் காரில் இல்லவே இல்லை. முன்பு எப்போதோ முகப்பைப் பழுது பார்த்தவர்கள் அதைத் திரும்ப மாட்டாமல் விட்டிருக்கிறார்கள். பெட்டி, பானட்டுக்குள் கிடந்த சூட்டைத்தான் குடித்துக்கொண்டிருந்தது. "இதுதாம்பா கம்பெனி குடுத்த கோல்ட் ஏர் இன்டேக். இத மாட்டு, போதும்" என்றார் அவர். பழைய உதிரிபாகக் கடையில் குழாய் கிடைத்தது. அடைந்துபோன ஃபில்டரும் மாற்றப்பட்டது. சீட்டுப் பணத்தைத் தொட வேண்டியிருக்கவில்லை. வண்டி இப்போது நன்றாகவே இழுக்கிறது என்கிறார்.

புதிய வாய் திறப்பதற்கு முன், இருந்த வாய் எங்கே அடைபட்டது என்று பார்ப்பது நல்லது. குளிர்ச்சி வேண்டும்தான், ஆனால் வெள்ளம் தொடும் உயரத்தில் கிடைக்கும் குளிர்ச்சி நம் நிலத்துக்கு ஆகாது. ஏரிக்கரை ஊர்களில் வீடு கட்டிய நம் முன்னோர் திண்ணையை உயர்த்தியதும் காற்று வாங்க மட்டும் அன்று.