கேட்கிற இருதயம்: ஊவா மலையில் ஞானமும் இரக்கமும்

ஓ.எல். பரீட்சைக்கு முந்தின ஞாயிறு எங்க பக்கத்துல எந்தக் கோயிலுக்குப் போனாலும் ஒரே ஜெபம்தான். பிள்ளைகளை வரிசையா முன்னால நிற்க வைத்து, தலையில் கை வைத்து, "ஆண்டவரே, இவங்களுக்கு ஞானத்தைக் கொடுங்க" என்று கேட்பாங்க. கத்தோலிக்கக் கோயில், மெதடிஸ்ட் சபை, லயத்துக்குப் பின்னால தகரம் போட்டுக் கட்டின பெந்தெகொஸ்தே ஜெபவீடு, எல்லா இடத்திலும் இதே காட்சி. எங்க கூட்டத்தில் இந்த மூன்று இடத்துப் பிள்ளைகளும் இருக்கிறோம். அதனால் உறுதியா சொல்ல முடியும்.

அந்த ஜெபத்தில் குறை காண நாங்க வரவில்லை. விடிய முன்னமே பெரட்டுக்குப் போய், கிலோ குறைஞ்சா அரைப்பேர்தான் விழும் என்ற பயத்தோடு கொழுந்து பறிக்கிற அம்மாவுக்கு, தன் பிள்ளை படித்து மலை இறங்கணும் என்பதைவிடப் பெரிய ஆசை என்ன இருக்க முடியும்? ஆனா யோசித்துப் பாருங்க. நம்ம பேச்சில் ஞானம் என்றால் தோட்டத்தை விட்டு வெளியேறும் வழி. இரக்கம் என்றால் நத்தார் காலத்தில் லயத்துக்கு வருகிற சாமான் பொதி. ஒன்று தலைக்கு, ஒன்று வயிற்றுக்கு. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி ஆகிப்போச்சு.

இந்தக் கேள்வியோடு கொஞ்ச நாள் முன்னால சாலொமோனின் கதையைச் சேர்ந்து வாசித்தோம். 1 இராஜாக்கள் 3ஆம் அதிகாரம் (கத்தோலிக்க நண்பர்களுக்கு 1 அரசர்கள்). என்ன வேணும் என்று கடவுள் கேட்கும்போது, இளம் ராஜா ஆயுசையும் பணத்தையும் கேட்கவில்லை, ஞானத்தைக் கேட்டான். இது ஞாயிறு பள்ளியிலேயே படித்ததுதான். புதுசா தெரிந்தது வேறு. நாம் "ஞானமுள்ள இருதயம்" என்று வாசிக்கிற இடத்தில், எபிரேய மொழியில் இருக்கிற சொற்களுக்கு நேர்ப்பொருள் "கேட்கிற இருதயம்". ஞானம் பேசுகிற வாயில் தொடங்கவில்லை, கேட்கிற காதில் தொடங்குது.

அதே அதிகாரத்தின் கடைசியில் ஒரு குழந்தைக்காகச் சண்டை போடுகிற இரண்டு பெண்களின் வழக்கு. இருவருமே ஊர் மதிக்காத பெண்கள், சாட்சியும் கிடையாது. ராஜா முதலில் இருவர் சொல்வதையும் கேட்கிறான். பிறகு வாளைக் கொண்டுவரச் சொல்கிறான். குழந்தை உயிரோடு இருந்தால் போதும், அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று ஒருத்தி விட்டுக்கொடுக்கிறாள். அவளுக்குள் பொங்கின இரக்கத்தைச் சொல்ல அங்கே வருகிற எபிரேயச் சொல்லும், கர்ப்பப்பைக்கான சொல்லும் ஒரே வேரிலிருந்து வருபவை. ராஜாவின் ஞானம் தேடினது அந்த இரக்கத்தைத்தான். இரக்கம் எங்கே இருக்கு என்று அடையாளம் கண்டதால்தான் தீர்ப்பு சரியா அமைந்தது. புதிய ஏற்பாட்டில் யாக்கோபும் இதைத்தான் சொல்கிறார்: மேலே இருந்து வருகிற ஞானத்தை அதன் சமாதானத்தாலும் இரக்கத்தாலும் நல்ல கனிகளாலும் கண்டுபிடிக்கலாம்.

இரண்டும் பிரிஞ்சு போனா என்ன நடக்கும் என்று நம்ம மலைக்குத் தெரியும். 2014 ஒக்டோபர் 29, காலை நேரம். கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வரும்போது வீடும் இல்லை, அம்மா அப்பாவும் இல்லை. அந்த வாரம் நாட்டின் எல்லாத் திசையிலிருந்தும் உதவி வந்து குவிந்தது. இனம் மதம் பார்க்காமல் மக்கள் அனுப்பினாங்க. அந்த இரக்கம் உண்மையானது, அதை மறக்கக் கூடாது.

ஆனா அந்த இடம் ஆபத்தானது என்ற அறிவு அதற்கு முன்னமே இருந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் எச்சரித்திருந்தது. எங்கே போறது? லயக்காம்பரா சொந்தம் இல்லை, காணித்துண்டும் இல்லை, வேலை அந்தத் தோட்டத்தில். "வெளியேறுங்க" என்று சொல்வது சுலபம். வெளியேற ஒரு இடம் கொடுக்க அந்த மக்கள் மேல் இரக்கம் வேணும். அறிவு அறிக்கையாக அலுமாரிக்குள் இருந்தது. இரக்கம் மண் சரிந்த பிறகுதான் லொறியில் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே மேசையில் சந்தித்திருந்தால் எத்தனை பேர் இன்றைக்கு உயிரோடு இருப்பாங்க?

அப்படிச் சந்திக்க முடியுமா என்று கேட்டால், இதே ஊவாவில் இரண்டு பேர் வாழ்ந்து காட்டியிருக்கிறாங்க. நம்ம வயசுப் பிள்ளைகள் நிறையப் பேருக்கு அவங்க பெயரே தெரியாது.

முதலாமவர் ஆயர் லியோ நாணயக்கார. பெனடிக்ட் சபைத் துறவி. 1959இலிருந்து கண்டியின் ஆயர். கண்டி என்றால் பழைய, பெயர் பெற்ற மறைமாவட்டம். 1972இல் அதிலிருந்து பதுளை தனி மறைமாவட்டமாகப் பிரிந்தது. சின்னது, வசதி குறைந்தது, தோட்டமும் வறண்ட கிராமமும்தான். வேறு யாரையாவது அனுப்பிவிட்டு அவர் கண்டியிலேயே இருந்திருக்கலாம். பதுளையைக் கேட்டு வந்தார், அதன் முதல் ஆயரானார், 1982இல் சாகும்வரை இங்கேயே இருந்தார். பண்டாரவளையில் அவர் தொடங்கிய "சேவக செவன" குருமடத்தில் குருமாணவர்கள் புத்தகத்தோடு மட்டும் இருக்கவில்லை. கிராமத்திலும் தோட்டத்திலும் போய் மக்களோடு வாழ்வதும் படிப்பின் ஒரு பகுதி. சனங்களின் வாழ்க்கையைக் கேட்காதவன் பிரசங்கம் செய்ய வரக்கூடாது என்பது அதன் அர்த்தம்.

அந்தக் குருமடத்தில் கற்பித்தவர்தான் இரண்டாமவர், ஃபாதர் மைக்கல் ரொட்ரிகோ. அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்தவர். ரோமிலும் பாரிசிலும் படித்து முனைவர் பட்டம் பெற்றவர். நம்ம கணக்கில் "ஞானம்" கிடைத்த மனுஷன், மலை இறங்கி எங்கேயும் போயிருக்கலாம். அவர் 1980இல் போனது மொனராகலை மாவட்டத்துப் புத்தலவுக்குப் பக்கத்தில் அலுகலவிட்ட என்ற ஏழைக் கிராமத்துக்கு. சுற்றி எல்லாரும் சிங்கள பௌத்த விவசாயிகள். 1818 கிளர்ச்சியை வெள்ளைக்காரன் நசுக்கின வெல்லஸ்ஸ மண் அது. அந்த மண்ணில் ஒரு கிறிஸ்தவக் குருவை யார் உடனே நம்புவாங்க?

அவர் யாரையும் மதம் மாற்றப் போகவில்லை. "சுப செத் கெதர" என்று பெயர் வைத்த சின்ன வீட்டில், கன்னியாஸ்திரிகளோடு சேர்ந்து வாழ்ந்தார். பிள்ளைகளுக்குப் படிப்பு, மூலிகை வைத்தியம், விவசாயிகளின் பிரச்சினை என்று கிராமத்தோடு கிராமமாக இருந்தார். மெதுமெதுவாகத்தான் நம்பிக்கை வளர்ந்தது. எண்பதுகளின் கடைசியில் தெற்கில் கிளர்ச்சியும் அடக்குமுறையும் சூடுபிடித்தபோது, ஏழைகளோடு நிற்கிறவன் மேல் எல்லாப் பக்கத்துச் சந்தேகமும் விழுந்தது. ஆபத்து என்று தெரிந்தும் அவர் கிளம்பவில்லை. 1987 நவம்பர் 10ஆம் தேதி, அந்த வீட்டில் பூசை நிறைவேற்றிக்கொண்டிருக்கும்போதே சுட்டுக் கொல்லப்பட்டார்.

இதை எழுதும்போது எங்களுக்குள் ஒரு தயக்கம். ஆயரும் ஃபாதரும் பெரிய ஆட்கள், நாம ஏ.எல். எழுதிட்டு ரிசல்ட் பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைகள். நம்மளால என்ன முடியும்?

எங்க பக்கத்தில் நடந்த ஒரு சின்ன விஷயம். லயத்தில் ஒரு அக்கா, நுண்கடன் எடுத்து இரண்டு தவணை கட்ட முடியாமல் போச்சு. கடன்காரர் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார். எங்க கூட்டத்தில் ஒரு பக்கம் "காசு சேர்த்துக் கொடுப்போம்" என்றாங்க. இன்னொரு பக்கம் "இனி கடன் வாங்க வேணாம்னு புத்தி சொல்லுவோம்" என்றாங்க. கடைசியில் முதலில் அக்கா பேசட்டும் என்று முடிவெடுத்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம் போய் உட்கார்ந்தோம். தேத்தண்ணி குடித்து, ரொம்ப நேரம் கழித்துத்தான் விஷயம் வந்தது. கடனைவிட அவங்களுக்குப் பெரிய பயம், தனக்காகப் பிணை நின்ற நாலு பெண்களின் முகம். பக்கத்துக் காம்பராக்காரங்க. பைப்படியில் கூட யாரும் பேசுறதில்லை. இன்னொன்று, கையெழுத்துப் போட்ட தாளில் என்ன எழுதியிருக்கு என்று ஐந்து பேருக்குமே தெரியாது. அது சிங்களத்தில் இருந்தது.

எங்களில் சிங்களம் நல்லா வாசிக்கிறவங்க இருக்கிறாங்க. ஐந்து பேரையும் ஒன்றாகக் கூப்பிட்டு வரி வரியா வாசித்துக் காட்டினோம். எவ்வளவு கட்டியாச்சு, எவ்வளவு மிச்சம், தவணையை நீட்டக் கேட்கலாமா என்று பார்த்தோம். கடன் மறைந்துவிடவில்லை. ஆனா அந்த ஐந்து பேரும் திரும்பப் பேச ஆரம்பித்தாங்க, தவணை பற்றிக் கேட்க ஒன்றாகவே போனாங்க.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அந்த வேலையைத் தொடர்கிறோம். லயத்துக்கு வருகிற கடிதங்களை வாசித்துச் சொல்கிறோம், படிவம் நிரப்பிக் கொடுக்கிறோம். மழைக்காலத்தில் சுவரிலும் மேட்டிலும் வெடிப்பு இருக்கா என்று வீடு வீடா கேட்டு, கிராம சேவகரிடம் எழுத்தில் கொடுக்கிறோம். மீரியபெத்தையை நினைத்துத்தான் இதைத் தொடங்கினோம்.

படித்து மலை இறங்கிப் போறவங்க போகட்டும், சந்தோஷமா வழியனுப்புவோம். கொழும்பில் வேலை செய்தாலும் வெளிநாட்டுக்குப் போனாலும் கேட்கிற இருதயம் கூடவே வரலாம். இங்கே இருக்கிறவங்களுக்கு எங்க அழைப்பு இதுதான்: உங்க லயத்தில், உங்க தெருவில், யாரிடம் எல்லாரும் புத்தி சொல்லிட்டு மட்டும் போறாங்களோ, அவங்க வீட்டு வாசலில் ஒரு மணி நேரம் உட்காருங்க. வசனம் சொல்ல அவசரப்படாதீங்க. ஞானம் வேணும் என்று அதற்கு முன்னால ஜெபம் செய்துவிட்டுப் போங்க.